ஆறு மாதம் கழித்தும் தூக்கமில்லையா? மனவடுவுக்கான சிறப்புச் சிகிச்சையைத் தேடுவது எப்படி

பட்டாசு ஆலையில் வெடிவிபத்து, பேருந்து கவிழ்ந்தது, வெள்ளம், கூட்ட நெரிசல் என்று எது நடந்தாலும், அடுத்த சில நாள் செய்திகளில் ‘பாதிக்கப்பட்டவர்களுக்கு மனநல ஆலோசனை வழங்கப்பட்டது’ என்ற வரி வந்துவிடுகிறது. படிக்கிறவர்களும் அந்த வேலை முடிந்தது என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் நான்கு மாதம், ஆறு மாதம் கழித்து அதே வீட்டில் ஒருவர் விடிய விடிய விழித்திருக்கிறார். கதவு அடித்தால் தூக்கிவாரிப் போடுகிறது. வேலைக்குக் கிளம்பினால் கை நடுங்குகிறது. ‘அதான் அப்பவே கவுன்சிலிங் குடுத்தாங்களே, இன்னும் என்ன?’ என்று வீட்டார் கேட்கிறார்கள்.

முதல் வாரத்தில் தரப்படும் ஆதரவும், மாதங்கள் கழித்துத் தேவைப்படும் சிகிச்சையும் வேறு வேறு வேலைகள். முன்னது ஓரளவு தேடி வருகிறது. பின்னதை நாம்தான் தேடிப் போக வேண்டும். எதைத் தேட வேண்டும், யாரிடம் தேட வேண்டும் என்று பெரும்பாலான குடும்பங்களுக்கு யாரும் சொல்வதில்லை. இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

## மனவடு எப்போது நோயாகிறது?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகில் சுமார் 70 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது உயிரை உலுக்கும் நிகழ்வைச் சந்திக்கிறார்கள். அது மனதில் விட்டுச்செல்லும் காயத்தைத்தான் மனவடு (ட்ராமா) என்கிறோம். விபத்து, அடிதடி, பாலியல் வன்முறை, பேரிடர், போர் எல்லாம் இதில் அடங்கும். அவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் மெல்லத் தேறிவிடுகிறார்கள். வாழ்நாளில் எப்போதாவது பி.டி.எஸ்.டி. என்ற நிலைக்குப் போனவர்கள் உலக மக்கள்தொகையில் 3.9 சதவீதம். தமிழில் இதை மனவடுவுக்குப் பிந்தைய அழுத்தக் கோளாறு என்கிறோம்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இது 1980-ல்தான் தனி நோயாக இடம்பிடித்தது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் பட்ட பாடு அதற்கு ஒரு முக்கியக் காரணம். அதனாலேயே இது ராணுவத்தினருக்கு மட்டும் வரும் நோய் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. அப்படி இல்லை. ரயில் முன் பாய்ந்தவரைக் கண்ணெதிரே பார்த்த லோகோ பைலட், பிரசவத்தில் சாவின் விளிம்புவரை போய் வந்த தாய், தினமும் அடி வாங்கும் மனைவி, பக்கத்து அறையில் வேலை பார்த்தவர்களைப் பறிகொடுத்த பட்டாசுத் தொழிலாளி என்று யாருக்கும் வரலாம்.

மருத்துவர்கள் பார்ப்பது நான்கு வகை அறிகுறிகளை:

1. நடந்தது திரும்பத் திரும்ப வருவது. கெட்ட கனவு, திடீரென்று அந்தக் காட்சி கண்முன் விரிவது, அதே வாசனையோ சத்தமோ கேட்டவுடன் உடம்பு அந்த நொடிக்கே போய்விடுவது. பட்டாசு விபத்தில் தப்பியவருக்குத் தீபாவளி வாரம் முழுக்க இப்படி இருக்கும்.
2. தவிர்ப்பது. அந்தச் சாலை வேண்டாம், அந்தப் பேச்சு வேண்டாம், அந்தச் சட்டைகூட வேண்டாம்.
3. எண்ணமும் மனநிலையும் மாறிப்போவது. ‘என்னால்தான் நடந்தது’, ‘யாரையும் நம்ப முடியாது’ என்ற நினைப்பு, சொந்தப் பிள்ளை மேலும் பாசம் மரத்துப்போன உணர்வு, குற்ற உணர்ச்சி, வெட்கம்.
4. உடம்பு எந்நேரமும் உஷாராக இருப்பது. தூக்கமின்மை, சட்டென்று கோபம், திடுக்கிடல், எங்கே உட்கார்ந்தாலும் வாசலைப் பார்த்து உட்காருவது.

இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையோ குடும்ப வாழ்க்கையையோ பாதித்தால்தான் பி.டி.எஸ்.டி. என்று சொல்வார்கள். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 பட்டியலில் ‘சிக்கலான பி.டி.எஸ்.டி.’ என்று இன்னொரு நோயும் தனியாகச் சேர்க்கப்பட்டது. சிறுவயதுப் பாலியல் கொடுமை, பல வருடக் குடும்ப வன்முறை, சித்திரவதை போல நீண்ட காலம் தப்பிக்க வழியில்லாமல் அனுபவித்தவர்களிடம் இது அதிகம். பி.டி.எஸ்.டி. அறிகுறிகளோடு, உணர்ச்சிகளைக் கட்டுப்படுத்த முடியாமை, தன்னைப் பற்றிய ஆழமான இழிவு உணர்வு, யாரோடும் ஒட்ட முடியாமை ஆகியவையும் சேர்ந்திருக்கும். சிகிச்சை எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதை இந்த வித்தியாசம் பெரிதும் தீர்மானிக்கிறது. அதனால்தான் இதை இங்கேயே சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. பலர் ‘மனசு சரியில்லை’ என்று வருவதில்லை. நெஞ்சு அடைக்கிறது, உடம்பெல்லாம் எரிகிறது, தலை பாரமாக இருக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை என்றுதான் வருகிறார்கள். இ.சி.ஜி., ஸ்கேன், எண்டோஸ்கோபி எல்லாம் எடுத்து ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பப்படுகிறார்கள். சிலர் குடியில் இறங்கிவிடுகிறார்கள். குடிதான் பிரச்சினை என்று வீடு நினைத்துக்கொள்கிறது. மருத்துவர் ‘எப்போதிலிருந்து இப்படி?’ என்று கேட்கும்போது, விபத்தையோ சம்பவத்தையோ ஒரே ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது. அந்த ஒரு வரி பல மாத அலைச்சலை மிச்சப்படுத்தும்.

சாலை விபத்தில் தலையில் அடிபட்டவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மூளையில் பட்ட அடியாலும் தூக்கமின்மை, எரிச்சல், மறதி வரும். எது எதனால் என்று பிரித்துப் பார்க்க நரம்பியல் பரிசோதனை தேவைப்படலாம்.

## முதல் மாதம்: என்ன செய்யலாம், என்ன கூடாது

சம்பவம் நடந்த சில நாட்களுக்குள் எல்லோரையும் உட்காரவைத்து, நடந்ததை விலாவாரியாகச் சொல்லவைத்தால் நோய் வராமல் தடுக்கலாம் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. சிலருக்கு அது கெடுதலாகவும் முடியலாம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும், சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைச் செய்ய வேண்டாம் என்கின்றன. ஆகவே, மைக்கை நீட்டி ‘அந்த நேரத்தில் உங்களுக்கு எப்படி இருந்தது?’ என்று கேட்கும் செய்தியாளரும், துக்கம் விசாரிக்க வந்து திரும்பத் திரும்பச் சொல்லச்சொல்லும் உறவினரும் ஒரு உதவியும் செய்யவில்லை.

முதல் நாட்களில் தேவைப்படுவதை உளவியல் முதலுதவி என்கிறார்கள். பாதுகாப்பான இடம், சாப்பாடு, தூங்க ஒரு மூலை, காணாமல் போனவர்களைப் பற்றிய சரியான தகவல், சொந்தபந்தங்களோடு சேர்த்துவைப்பது, அவர்களாகப் பேசினால் குறுக்கிடாமல் கேட்பது. அவ்வளவுதான். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் போன்ற இடங்களில் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் செய்த பயனுள்ள வேலை பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தது. செய்திகளில் வரும் ‘மனநல ஆலோசனை’யும், சரியாக நடந்தால், இதுதான். தேவையான வேலைதான், நோய்க்கான சிகிச்சை அதில் அடங்காது.

தூக்க மாத்திரை பற்றியும் சொல்ல வேண்டும். பயத்தைச் சட்டென்று அடக்கும் அல்பிரசோலம், குளோனசிபம் போன்ற மாத்திரைகளை முதல் மாதத்தில் மனவடு அறிகுறிகளுக்காகத் தர வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுவது பழக்க அடிமைத்தனத்தில் கொண்டுபோய் விடும். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் திடீரென்று நிறுத்தவும் கூடாது. மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

ஒரு மாதம் என்பது பொதுவான கணக்கு. தற்கொலை எண்ணம் வந்தால், சாப்பாடு தூக்கம் அடியோடு நின்றுபோனால், தன்னிலை மறந்து நடந்துகொண்டால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. மத்திய அரசின் டெலி மானஸ் இலவசத் தொலைபேசி எண் 14416. 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழில் பேசலாம்.

## சிறப்புச் சிகிச்சை என்றால் அறைக்குள் என்ன நடக்கிறது?

பயந்த நினைவைத் தவிர்க்கத் தவிர்க்க, அது இன்னும் ஆபத்தானது என்றே மூளை பதிய வைத்துக்கொள்கிறது. அந்தச் சாலையில் போகாதவருக்கு, அந்தச் சாலையில் போனாலும் ஒன்றும் ஆகாது என்று தெரிந்துகொள்ள வாய்ப்பே வருவதில்லை. மனவடுவுக்கென்று உருவான சிகிச்சைகள் எல்லாம் ஏதோ ஒரு விதத்தில் இந்தப் பூட்டைத் திறக்கின்றன. பயிற்சி பெற்றவர் துணையோடு, தாங்கக்கூடிய அளவில், அந்த நினைவுக்குத் திரும்பிப் போய் அதை ‘முடிந்துபோன ஒன்றாக’ மாற்றுகிறார்கள். சும்மா பேசி ஆறுதல் சொல்வதிலிருந்து இது வேறுபடும் இடம் இதுதான்.

ஆய்வு ஆதாரம் வலுவாக உள்ள முறைகள் சில:

1. நீடித்த எதிர்கொள்ளல் சிகிச்சை. எட்னா ஃபோவா என்ற உளவியலாளர் வளர்த்தெடுத்தது. நடந்ததைக் கண்மூடி நிகழ்காலத்தில் நடப்பதுபோல் சொல்வது, அதன் ஒலிப்பதிவை வீட்டில் கேட்பது, தவிர்த்துவந்த இடங்களுக்குப் படிப்படியாகப் போவது என்று நகரும். வழக்கமாக 8 முதல் 15 அமர்வுகள்.
2. எண்ணங்களைச் சீர்தூக்கும் சிகிச்சை. ஆங்கிலச் சுருக்கத்தில் CPT. பட்ரீஷியா ரெசிக் உருவாக்கியது. ‘நான் அன்று அவனை வண்டியில் ஏற்றியிருக்கக் கூடாது’ போன்ற, மனதில் சிக்கிக்கொண்ட எண்ணங்களை எழுத்து வழியாக எடுத்து ஆராய்வார்கள். வழக்கமாக 12 அமர்வுகள்.
3. இ.எம்.டி.ஆர். ஃபிரான்சின் ஷாபிரோ 1980-களின் கடைசியில் முன்வைத்தது. நினைவை மனதில் நிறுத்தியபடி, சிகிச்சையாளரின் விரல் அசைவைக் கண்ணால் தொடர வேண்டும், அல்லது இரண்டு பக்கமும் மாறி மாறித் தட்டுவார்கள். கண் அசைவு உண்மையில் எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் இருக்கிறது. ஆனால் மொத்தச் சிகிச்சை பலன் தருகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. வீட்டுப்பாடம் குறைவு, எல்லாவற்றையும் வாய்விட்டு விவரிக்க வேண்டியதும் இல்லை. பாலியல் வன்முறையை வார்த்தையில் சொல்லவே முடியாதவர்களுக்கு இது பெரிய நிம்மதி.
4. கதைவழி எதிர்கொள்ளல் சிகிச்சை. ஒன்றல்ல, பல கொடுமைகளைக் கடந்து வந்தவர்களுக்காக, குறிப்பாகப் போரால் இடம்பெயர்ந்தவர்களுக்காக உருவானது. தரையில் ஒரு கயிற்றை விரித்து, நல்ல நிகழ்வுகளுக்குப் பூக்களும் கெட்ட நிகழ்வுகளுக்குக் கற்களும் வைத்து, பிறந்ததிலிருந்து வாழ்க்கையை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருவார்கள்.

கடைசி முறைக்கு நமக்கு நெருங்கிய சான்று இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு இலங்கையின் வடகிழக்கில், போரையும் சுனாமியையும் சேர்த்து அனுபவித்த 31 தமிழ்க் குழந்தைகளுக்கு, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு அமர்வுகளில் சிகிச்சை அளித்தார்கள். ஒரு பகுதியினருக்குக் கதைவழிச் சிகிச்சை, மற்றவர்களுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். 2009-ல் வெளியான முடிவுகளின்படி இரண்டு குழுவினருமே நன்றாகத் தேறினார்கள். சிறிய ஆய்வுதான். ஆனாலும், வெளிநாட்டுப் பட்டம் பெற்ற நிபுணர் கிடைத்தால்தான் வழி என்று நினைத்து உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை என்பதை அது காட்டுகிறது. முறையான பயிற்சியும் மேற்பார்வையும்தான் அங்கே வேலை செய்தன.

மேலே சொன்னவற்றில் இ.எம்.டி.ஆர். தவிர மற்றவற்றை நைஸ் அமைப்பு மனவடு சார்ந்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்ற ஒரே வகையில் சேர்க்கிறது. அதற்கு அது சொல்லும் அளவு, வழக்கமாக 8 முதல் 12 அமர்வுகள். பல சம்பவங்கள் இருந்தால் கூடும். சிக்கலான பி.டி.எஸ்.டி. என்றால் நம்பிக்கை உருவாகவும், உணர்ச்சிகளைத் தாங்கப் பழகவும் கூடுதல் காலம் தேவைப்படும். ஆனால் ஒற்றை விபத்துக்காக வந்தவரிடம் ‘இரண்டு வருடம் ஆகும்’ என்று ஆரம்பத்திலேயே சொன்னால், ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

மாத்திரைகளுக்கும் இடமுண்டு. செர்ட்ரலின், பராக்ஸிடின் இரண்டுக்கும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பி.டி.எஸ்.டி.க்கென்றே அனுமதி தந்திருக்கிறது. மன அழுத்தம் கடுமையாக இருப்பவர்களுக்கும், பேச்சுச் சிகிச்சை கிடைக்காத ஊரில் இருப்பவர்களுக்கும் இவை பெரும் உதவி. நம் நடைமுறையில் நடப்பது என்னவென்றால், புறநோயாளி வரிசையில் ஐந்து நிமிடம், ஒரு சீட்டு, அத்தோடு சரி. மருத்துவரைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. ஆனால் ‘மாத்திரையோடு பேச்சுச் சிகிச்சைக்கும் எழுதித் தர முடியுமா?’ என்று நோயாளி கேட்டால், துறைக்குள்ளேயே இருக்கும் உளவியலாளரிடம் அனுப்பிவைக்க வாய்ப்புண்டு. கேட்காமல் பெரும்பாலும் நடக்காது.

## பெயர்ப்பலகையில் இருப்பவர் யார்?

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் மேற்படிப்புப் படித்தவர். நோயைக் கண்டறிவார், மருந்து எழுதுவார். மருத்துவ கவுன்சில் பதிவு இருக்கும். எல்லா மனநல மருத்துவர்களும் மனவடுப் பேச்சுச் சிகிச்சையில் பயிற்சி பெற்றவர்கள் அல்ல.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது மருத்துவ உளவியலாளர், மருந்து எழுத மாட்டார். பேச்சுச் சிகிச்சைக்கும் உளவியல் பரிசோதனைக்கும் பயிற்சி பெற்றவர். 1992-ம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண் தருவார்கள். கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். எம்.எஸ்சி. உளவியல் மட்டும் படித்துவிட்டு இந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ள முடியாது.

மனநல சமூகப் பணியாளர் மருத்துவமனைகளில் குடும்பம், வேலை, சட்டம், அரசு உதவி ஆகியவற்றை இணைத்துப் பார்ப்பவர். இவர்களில் நல்ல சிகிச்சையாளர்களும் உண்டு.

ஆலோசகர், கவுன்சிலர், ஆற்றுப்படுத்துநர், தெரபிஸ்ட், ‘ட்ராமா கோச்’. குழப்பம் முழுக்க இங்கேதான். வார இறுதி வகுப்பு முடித்தவரும், பத்து வருட மேற்பார்வையோடு இ.எம்.டி.ஆர். செய்பவரும் ஒரே பெயரைப் போட்டுக்கொள்ளலாம். ஆலோசகர்களையும் ஒழுங்குமுறைக்குள் கொண்டுவர 2021-ல் மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தது. அதன்கீழான பதிவு முறை இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது. ‘மனவடு நிபுணர்’ என்பதற்கென்று தனி உரிமம் எதுவும் இல்லை. எனவே பலகையை நம்ப முடியாது; கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

## முதல் தொலைபேசிப் பேச்சில் கேட்க வேண்டியவை

1. உங்கள் படிப்பு என்ன, பதிவு எண் என்ன? தயங்காமல் சொல்பவரிடம் மேலே பேசலாம்.
2. மனவடுவுக்கு எந்த முறையில் பயிற்சி பெற்றீர்கள்? மேலே சொன்ன முறைகளில் ஒன்றின் பெயர் வர வேண்டும். ‘எல்லாம் கலந்து செய்வேன்’ என்பது மட்டும் பதிலாக இருந்தால் யோசியுங்கள். இ.எம்.டி.ஆர். என்றால் முழு அடிப்படைப் பயிற்சியும், அதன்பின் மூத்தவரின் மேற்பார்வையும் முடித்தாரா என்று கேளுங்கள்.
3. எங்களுடையது போன்ற பாதிப்புக்குச் சிகிச்சை தந்திருக்கிறீர்களா? விபத்துக்குப் பார்ப்பவர் எல்லோரும் சிறுவயதுப் பாலியல் கொடுமைக்குப் பார்ப்பதில்லை.
4. முதல் நாளே எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமா? நல்ல பதில், ‘வேண்டாம்’. முதல் ஓரிரு அமர்வுகள் நிலைமையை மதிப்பிடவும், பாதுகாப்பை உறுதிசெய்யவும், சிகிச்சை எப்படிப் போகும் என்று விளக்கவும் செலவாகும்.
5. சுமாராக எத்தனை அமர்வு, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு? இந்தச் சிகிச்சைகள் பெரும்பாலும் எண்ணிக்கைக்கு உட்பட்டவை என்பதால் மொத்தச் செலவை முன்கூட்டியே கணக்கிட முடியும். கட்டுப்படி ஆகாமல் நான்காவது அமர்வில், பழைய காயத்தைத் திறந்துவைத்துவிட்டு நிறுத்துவது, ஆரம்பிக்காமல் இருப்பதைவிடக் கஷ்டம்.
6. முழுக்கத் தமிழில் செய்ய முடியுமா? இது சின்ன விஷயமாகத் தெரியலாம். பயமும் அவமானமும் வீட்டு மொழியில்தான் பதிந்திருக்கின்றன. ஆங்கிலத்தில் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர், நடுவில் ஆங்கிலத்துக்குத் தாவினால் அந்த இடத்தில் நோயாளி வெளியே நின்றுவிடுவார்.
7. நான் சொல்வது யாருக்குத் தெரியும்? 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு ரகசியத்தை உரிமையாக்கியிருக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற விதிவிலக்குகள் உண்டு. அவை எவை என்று சிகிச்சையாளரே விளக்க வேண்டும்.

சில பதில்களைக் கேட்டால் விலகிவிடுவது நல்லது. ஒரே அமர்வில் குணம் என்ற உத்தரவாதம். போன ஜென்மத்துக்குக் கூட்டிப்போகிறேன், ஹிப்னாடிசத்தில் மறைந்த நினைவைத் தோண்டி எடுக்கிறேன் என்ற விளம்பரம். இல்லாத நினைவையும் உண்மைபோல் உருவாக்கிவிடக்கூடிய விஷயம் இது. மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தச்சொல்வது.

எல்லாவற்றையும்விட மோசமானது, பாதிக்கப்பட்டவரையே குற்றவாளியாக்கும் பேச்சு. ‘அந்த நேரத்துல அங்க ஏன் போனீங்க?’, ‘புருஷன்னா கோபம் வரத்தான் செய்யும், அனுசரிச்சுப் போங்க’ என்று ஒரு சிகிச்சையாளர் சொன்னால், அவர் எவ்வளவு படித்திருந்தாலும் மனவடுச் சிகிச்சைக்குத் தகுதியற்றவர். இதைக் கேட்டுவிட்டு மறுபடி எந்தச் சிகிச்சையாளர் பக்கமும் போகாத பெண்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். தவறு அந்த அறையில்தான் இருந்தது, சிகிச்சையில் இல்லை.

## பணம், தூரம், காப்பீடு

தனியார் சிகிச்சை நகரங்களில் குவிந்துகிடக்கிறது, விலையும் அதிகம். வாரத்துக்கு ஒருமுறை என்று கணக்குப் போட்டால் தினக்கூலிக் குடும்பத்துக்கு எட்டாது. அரசு வழி இப்படி இருக்கிறது: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலத் துறை, மாவட்ட மனநலத் திட்டத்தின் முகாம்கள், சென்னையில் 1794-ல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை. தமிழ்நாட்டுக்கு வெளியே, பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் பேரிடர் பாதிப்புகளுக்கென்றே ஒரு துறை இயங்குகிறது. மருத்துவ உளவியல் பயிற்சி நடக்கும் மருத்துவமனைகளில், பயிற்சி மாணவர்கள் பேராசிரியரின் மேற்பார்வையில் குறைந்த கட்டணத்தில் சிகிச்சை தருகிறார்கள். மாணவர் என்று ஒதுங்க வேண்டாம். அவருக்கு நேரம் இருக்கிறது, மேலே கண்காணிப்பும் இருக்கிறது. இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்படும் தொழிலாளர்கள் இ.எஸ்.ஐ. மருத்துவமனை வழியாகப் போகலாம்.

தொலைவில் இருப்பவர்களுக்குக் காணொளிச் சிகிச்சையும் பலன் தருகிறது. தனி அறை கிடைக்குமா என்பதுதான் கேள்வி. கொடுமை செய்தவர் அதே வீட்டில் இருந்தால் காணொளி கூடாது.

காப்பீட்டில், 2017 சட்டத்தின் 21-வது பிரிவு, உடல் நோய்க்குத் தருவதுபோலவே மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது. இதைப் படித்துவிட்டுப் பலர் ஏமாறுகிறார்கள். பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் தரும். மனவடுச் சிகிச்சையோ வந்துபோகும் சிகிச்சை. பாலிசியில் புறநோயாளிப் பிரிவு இருக்கிறதா, அதில் உளவியல் சிகிச்சை சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

## பெண்கள், குழந்தைகள்

கொடுமை இன்னும் தொடர்கிறது என்றால் நினைவைத் திறக்கும் சிகிச்சைக்கு அது நேரமில்லை. முதலில் பாதுகாப்பு. 181 பெண்கள் உதவி எண், மாவட்டங்களில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையம் ஆகியவை தங்குமிடம், சட்ட உதவி, மருத்துவம், ஆலோசனை ஆகியவற்றுக்கு வழிசெய்யும்.

குழந்தைகளுக்கு 1098. போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, குழந்தைமீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் சிகிச்சையாளரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். இது தெரியாமல் போய், பிறகு துரோகம் செய்துவிட்டார் என்று நினைக்கும் பெற்றோர் உண்டு. வழக்கு நடக்கும் காலத்தில் குழந்தைக்குத் துணைநிற்க ஒரு ஆதரவு நபரைக் குழந்தைகள் நலக் குழு நியமிக்க முடியும்; கேட்டுப் பெறுங்கள். குழந்தையின் சிகிச்சையில் பெற்றோரும் பங்கேற்கும் முறைகளே பொதுவாக நல்லவை. பொம்மை விளையாட்டில் அதே சம்பவத்தைத் திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பது, விட்டுப்போன படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் திரும்புவது, அம்மாவை விட்டு நகராமல் இருப்பது எல்லாம் சிறு குழந்தைகளிடம் அறிகுறிகள். திட்டினால் சரியாகாது.

## இலங்கையிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும்

வடக்கு கிழக்கில் போர் தனி மனிதர்களைத் தாண்டி ஊரையும் குடும்ப அமைப்பையும் சிதைத்தது. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இதைக் கூட்டு மனவடு என்று விளக்கி எழுதினார். காணாமல் ஆக்கப்பட்டவரின் தாய்க்கு, சம்பவம் முடிந்துபோன ஒன்று அல்ல. பதில் கிடைக்கும்வரை அது நடந்துகொண்டே இருக்கிறது. அங்கே தனிச் சிகிச்சையோடு சடங்குகள், பெண்கள் குழுக்கள், நீதிக்கான போராட்டம் ஆகியவையும் ஆறுதலின் பகுதிகள். அரச வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகளும் 1926 என்ற தேசிய உளநல உதவி எண்ணும் தொடக்க வாசல்கள்.

இங்கிலாந்தில் இருப்பவர்கள் குடும்ப மருத்துவரின் கடிதம் இல்லாமலே என்.எச்.எஸ். பேச்சுச் சிகிச்சைக்குத் தாங்களே பதிவு செய்யலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். சித்திரவதையிலிருந்து தப்பியவர்களுக்கு அங்கே ஃப்ரீடம் ஃபிரம் டார்ச்சர், டொராண்டோவில் சித்திரவதைக்கு உள்ளானோருக்கான கனடிய மையம், சிட்னியில் ஸ்டார்ட்ஸ் போன்ற சிறப்பு அமைப்புகள் பல ஆண்டுகளாக இயங்குகின்றன. எந்த நாட்டிலும், பெற்ற பிள்ளையை மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். மொழிபெயர்ப்பாளர் அதே ஊர்க்காரராக இருந்து சங்கடமாக இருந்தால் மாற்றித் தரச்சொல்லலாம். தொலைபேசி வழி மொழிபெயர்ப்பும் கேட்கலாம்.

## சிகிச்சை சரியாகப் போகிறதா?

தொடங்கிய முதல் சில அமர்வுகளில் கனவும் அழுகையும் சற்றே கூடலாம். இதை முன்கூட்டியே சொல்லாத சிகிச்சையாளரிடமிருந்து பலர் மூன்றாவது வாரம் ஓடிவிடுகிறார்கள். அந்தக் கூடுதல் தற்காலிகமானதாக இருக்க வேண்டும். வாரக்கணக்கில் மோசமாகிக்கொண்டே போனால் அடுத்த அமர்வுக்குக் காத்திருக்காமல் சொல்லிவிடுங்கள்.

அளந்து பார்க்க ஒரு கருவி உண்டு. பி.சி.எல்.-5 என்ற 20 கேள்விப் படிவம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 80. சிகிச்சைக்கு முன் ஒருமுறையும், இடையிடையேயும் நிரப்பினால் கோடு கீழே இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். 10 புள்ளி அளவு குறைந்தால் அது கவனிக்கத்தக்க முன்னேற்றம் என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். பாதி அமர்வுகள் முடிந்தும் அசைவே இல்லை என்றால், முறையை மாற்றுவது பற்றியோ மருந்து சேர்ப்பது பற்றியோ வேறொருவரிடம் அனுப்புவது பற்றியோ பேச வேண்டும். நல்ல சிகிச்சையாளர் இந்தக் கேள்வியால் கோபப்பட மாட்டார்.

ஆளை மாற்ற வேண்டி வந்தால், கையோடு ஆவணங்களையும் வாங்கிக்கொள்ளுங்கள். 2017 சட்டத்தின் 25-வது பிரிவு, அடிப்படை மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. என்ன நோய் என்று கண்டார்கள், எந்த முறையில் எத்தனை அமர்வு நடந்தது, படிவத்தின் எண்கள் என்ன, எந்த மாத்திரை எந்த அளவில் என்று ஒரு பக்கச் சுருக்கம் கேளுங்கள். அது கையில் இருந்தால், அடுத்த இடத்தில் அந்த இரவை முதலிலிருந்து இன்னொரு முறை சொல்ல வேண்டிய கட்டாயம் இருக்காது.